சாயம் பிசகும்போது: வீட்டில் நூலுக்கும் துணிக்கும் நிறமேற்றுவோர்க்கான பிழைநீக்க வழிமுறை

வீட்டில் சாயம் தோய்ப்பவரின் கண்ணுக்குப் பிழை தெரிவது தட்டட்டிக் (மொட்டைமாடிக்) கொடியில் துணி பாதி காய்ந்த பிறகுதான். அது பிறந்த இடமோ பெரும்பாலும் சாயச் சட்டியில் இருப்பதில்லை; தண்ணீர் பிடித்த குழாயடியிலோ, நூலைச் சரியாக வேகவைக்காமல் விட்ட முந்தைய நாளிலோ, பொட்டலத்தைத் தவறாகப் படித்து வாங்கிய கடையிலோ அது பிறந்திருக்கும். இதை மறந்து, நிறம் குறைந்தால் இன்னும் ஒரு கரண்டிச் சாயம், திட்டு விழுந்தால் மீண்டும் ஒரு முக்கு என்று போகிறவர்கள் சாயத்தையும் துணியையும் சேர்த்தே இழக்கிறார்கள். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் இழந்தேன். ஆகவே இங்கே ஒவ்வொரு அறிகுறியிலிருந்தும் பின்னோக்கி நடந்து அதன் காரணத்தைத் தேடும் முறையையே எழுதுகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதும், மாற்றியதை ஒரு நோட்டில் எழுதி, அந்தத் தோய்ப்பின் சிறு நூல்துண்டை அதே பக்கத்தில் கட்டி வைக்க வேண்டும் என்பதும் இதற்கான முன்நிபந்தனைகள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை அளவு வேண்டும். பருத்திக்கு வீட்டில் எளிதாகக் கையாளக்கூடியது, கடைகளில் ‘கோல்ட் பிராண்டு’ (சூடாக்காத தண்ணீரிலேயே பிடிப்பது) என்று கிடைக்கும் ரியாக்டிவ் சாயம். காய்ந்த நிலையில் 100 கிராம் எடையுள்ள நூலுக்குத் தண்ணீர் 2 லிட்டர், சாயம் நடுத்தர நிறத்துக்கு 2 முதல் 3 கிராம், உப்பு 100 கிராம், சோடா ஆஷ் 30 முதல் 40 கிராம் என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. ஈரப்படுத்திய நூலைச் சாய நீரில் இறக்கி, உப்பை மூன்று தவணையாக அரை மணி நேரத்துக்குள் சேர்த்து, அதன்பின் தனியே கரைத்த சோடாவைச் சேர்த்து, மேலும் ஒரு மணி நேரம் அவ்வப்போது புரட்டிக் கொடுத்தால் வேலை முடிந்தது. அடுப்பு தேவையில்லை, நம் பக்கத்து வெயிலில் குழாய்த் தண்ணீரே 28, 30 டிகிரி இருக்கும், இந்தச் சாயத்துக்கு அது போதும். எடையைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். தராசு இல்லாதவர்கள் நூலின் நம்பரை வைத்தே கணக்கிடலாம்: ஒரு முழுக் கழி என்பது 840 கெஜம், ஒரு ராத்தல் (ஏறக்குறைய 454 கிராம்) எடைக்கு எத்தனை கழி என்பதே நூலின் நம்பர். எனவே 40ஆம் நம்பர் நூலில் ஒரு கழி ஏறக்குறைய 11 கிராம், ஒன்பது கழி சேர்ந்தால் 100 கிராமுக்குச் சற்று மேல்.

அறிகுறி: சாயம் பிடிக்கவே இல்லை, அல்லது வெளிறிப்போய்விட்டது

சட்டியில் ஆழ்ந்த சிவப்பாகத் தெரிந்தது, அலசியதும் வெறும் ரோஸ் நிறமாக நின்றுவிட்டது என்பதே என்னிடம் அதிகமாக வரும் முறையீடு. முதலில் சந்தேகிக்க வேண்டியது நூலை. ஓர் இழையை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். காகிதம் போல எரிந்து, காகிதம் எரிந்த வாசனையோடு, ஊதினால் பறக்கும் சாம்பலாகிவிட்டால் அது பருத்தி. சுருங்கி உருகிக் கடினமான மணியாக உறைந்தால் அது பாலியெஸ்டரோ அக்ரிலிக்கோ. முடி கருகும் நாற்றம் வந்தால் அது கம்பளியோ பட்டோ. எரிந்தும் உருகியும் இரண்டுமாக நடந்தால் டெரிகாட் போன்ற கலப்பு. அதில் பருத்திப் பங்கு மட்டுமே நிறம் ஏற்கும், என்ன செய்தாலும் பாதி நிறம்தான். தைத்த சட்டையைத் தோய்த்தவர்கள் துணி நீலமாகித் தையல் மட்டும் வெள்ளையாக நிற்பதைப் பார்த்துத் திகைப்பதும் இதனால்தான். தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர்.

இந்த இடத்தில் பின்னல் பின்னுவோருக்கு ஒரு எச்சரிக்கை. நம் ஊர்க் கடைகளில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் கையில் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். பெயரில்தான் கம்பளி இருக்கும். அது ரியாக்டிவ் சாயத்தையும் ஏற்காது, கம்பளிக்கான ஆசிட் சாயத்தையும் ஏற்காது. தீச்சோதனையை வாங்கிய அன்றே செய்துவிட்டால் ஒரு நாள் உழைப்பு மிஞ்சும்.

நூல் சுத்தப் பருத்திதான் என்று உறுதியானால் அடுத்த சந்தேகம் சோடா. ரியாக்டிவ் சாயம் பருத்தியோடு வேதியியல் முறையில் பிணைய வலுவான காரத்தன்மை வேண்டும். அதைத் தருவது சோடா ஆஷ், அதாவது சோடியம் கார்பனேட். ஆப்ப மாவுக்குப் போடும் சோடா உப்பு சோடியம் பைகார்பனேட். அதன் காரம் மிகக் குறைவு, எத்தனை கரண்டி போட்டாலும் இந்த வேலையைச் செய்யாது. ‘சோடா’ என்று மட்டும் சொல்லிப் பலசரக்குக் கடையில் வாங்கினால் இதுதான் வரும். இன்னொரு சிக்கல், கட்டி கட்டியாகப் பளபளப்போடு இருக்கும் சலவைச் சோடா. அதுவும் சோடியம் கார்பனேட்டுதான், ஆனால் அதன் எடையில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் படிகத்துக்குள் அடைபட்ட தண்ணீர். தூளாக இருக்கும் சோடா ஆஷ் 30 கிராம் என்றால் படிகச் சோடா ஏறக்குறைய 80 கிராம் போட வேண்டும்; இரண்டையும் ஒரே அளவாக எண்ணியவர்களின் துணி வெளிறிப்போவதில் வியப்பில்லை.

மூன்றாவது, சாயம் செத்துப்போயிருப்பது. இந்தச் சாயம் பருத்தியோடு பிணைவதைப் போலவே தண்ணீரோடும் பிணையும். தண்ணீரோடு பிணைந்துவிட்ட சாயத்துக்கு நிறம் அப்படியே இருக்கும், பிடிக்கும் சக்தி மட்டும் போய்விடும்; ஆளைப் பார்த்தால் தெரியாது. சோடா கலந்தபின் சில மணி நேரத்திலேயே இது நடந்து முடிந்துவிடும். நேற்று மிஞ்சிய சாயச் சட்டியில் இன்று இன்னொரு கழியை முக்குவது வீண். சோடா கலக்காத சாயக் கரைசல்கூடச் சித்திரை, வைகாசி வெக்கையில் விரைவாகக் கெடும் என்பதால், தேவையான அளவு மட்டும் அன்றன்றைக்குக் கரைப்பதே நல்லது. ஈரக் கரண்டி பட்ட பொட்டலமும், மூடியில்லாமல் புறவாசல் அலமாரியில் மழைக்காலத்தைக் கழித்த பொட்டலமும் இதே கதிக்கு ஆளாகும். ஐயம் இருந்தால் பழைய சாயத்தில் ஒரு கிராமும், புதிதாக வாங்கியதில் ஒரு கிராமும் எடுத்து, ஒரே அளவு நூலில் அருகருகே தோய்த்துப் பாருங்கள்.

கடைசியாகத் தண்ணீரின் அளவு. பெரிய அண்டாவில் நூல் நீந்தும்படி தோய்த்தால் சாயம் நூலைவிட்டுத் தண்ணீரிலேயே தங்கும். நூலைத் தடையின்றிப் புரட்ட எவ்வளவு தேவையோ அதற்கு மேல் தண்ணீர் வேண்டாம்.

அறிகுறி: திட்டுத் திட்டாகவும் கோடு கோடாகவும் ஏறியிருக்கிறது

இதற்குப் பத்தில் எட்டு முறை காரணம் நூலைத் தயார்செய்ததில் இருக்கிறது என்பது என் அனுபவம். காய்ந்த நூலின்மீதோ துணியின்மீதோ ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். விட்ட உடனே உறிஞ்சிக்கொண்டால் நூல் தயார். சேம்பிலைத் தண்ணீர் போல உருண்டு நின்றால் பருத்தியின் இயற்கை மெழுகு இன்னும் போகவில்லை; அந்த மெழுகு ஓர் இடத்தில் தடித்தும் ஓர் இடத்தில் மெலிந்தும் இருப்பதால்தான் சாயமும் அப்படியே ஏறுகிறது. 100 கிராம் நூலுக்கு 2 லிட்டர் தண்ணீர், 5 கிராம் சோடா ஆஷ், சிறிது சோப்புத் திரவம் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். அதைக் கொட்டி, அலசி, மறுபடியும் சொட்டுச் சோதனை செய்ய வேண்டும். அலுமினியப் பாத்திரத்தை இதற்கு எடுக்காதீர்கள், சோடா அதைத் தின்னும்; எவர்சில்வர் ஏனமே சரி. அதைப் பின்பு சமையலுக்குத் திருப்பக் கூடாது.

தறியிலிருந்து வந்த துணியிலும் பாவு நூலிலும் கஞ்சி இருக்கும். வீரவநல்லூர், மேலப்பாளையம் போன்ற தறி ஊர்களின் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சாயமில்லாத துணி எளிதாகக் கிடைக்கும், ஆனால் அதில் கஞ்சியும் சேர்ந்தே கிடைக்கும். சோடாவில் கொதிக்கவைத்தால் மெழுகு போகுமே தவிரக் கஞ்சி முழுதாகப் போகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு முழுதும் ஊறவிட்டு, அது புளித்து வழுவழுப்பான பின் நன்றாகக் கசக்கி அலசி, அதற்கு மேல்தான் சோடாக் கொதிப்புக்கு வர வேண்டும். கஞ்சி போய்விட்டதா என்று அறிய, மருந்துக்கடையில் விற்கும் அயோடின் டிஞ்சரைத் தண்ணீரில் கலந்து துணியின் ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். நீலக் கறுப்பானால் கஞ்சி இன்னும் இருக்கிறது என்று பொருள்.

கழி நூலில் ஒரே சீரான இடைவெளியில் வெள்ளை வளையம் விழுந்திருந்தால் அதற்குச் சோதனையே தேவையில்லை, கட்டு இறுகியிருந்தது என்பதுதான் காரணம். கழியை நான்கு இடங்களில் எட்டு வடிவமாக, இரண்டு விரல் உள்ளே நுழையும் தளர்வில் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டாலும் தொல்லைதான், சிக்கெடுப்பதிலேயே ஒரு வாரம் போய்விடும்.

நூலும் கட்டும் சரியாக இருந்து, அப்படியும் திட்டு விழுந்தால் சோடா சேர்த்த விதத்தைப் பாருங்கள். தூளாகத் தூவினாலோ, கரைத்ததை நூல் கிடக்கும்போதே அதன்மேல் ஊற்றினாலோ, பட்ட இடத்தில் சாயம் அந்தக் கணமே பிடித்துக்கொள்ளும், மற்ற இடம் பின்தங்கும். நூலை ஒரு கம்பில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கரைத்த சோடாவைத் தண்ணீரில் கலந்து, கலக்கிவிட்டு, பிறகே நூலை இறக்க வேண்டும். அதற்கடுத்த பதினைந்து நிமிடம் அடுப்படிக்குப் போகாமல் நின்று புரட்ட வேண்டும். திட்டு விழுவதும் விழாததும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் முடிவாகிறது.

திட்டு விழுந்ததைச் சரிசெய்ய முடியுமா என்றால், சமப்படுத்த முடியாது, மூட முடியும். அதே நிறத்தில் மீண்டும் தோய்த்தால் வெளிறிய இடமும் கறுத்த இடமும் சேர்ந்தே ஏறும், வேறுபாடு அப்படியே நிற்கும். அடர்ந்த வேறு நிறத்தில், கருநீலத்திலோ அரக்கிலோ, தோய்ப்பதே வழி. அல்லது திட்டை அப்படியே விட்டுவிடலாம். பின்னலில் அது நன்றாகவே இருக்கும்.

அறிகுறி: தண்ணீரில் சோடா பட்டதும் பால் போலக் கலங்குகிறது, துணியில் மங்கலும் சொரசொரப்பும் தெரிகின்றன

இது தண்ணீரின் குற்றம், நம் திருநெல்வேலி மாவட்டத்தில் இதைப் பற்றி விரிவாகப் பேசியே ஆக வேண்டும். பொதிகையில் பெய்து தாமிரபரணியில் இறங்கி வரும் ஆற்றுத் தண்ணீருக்கும், ஆழ்குழாயில் இறைக்கும் தண்ணீருக்கும் குணத்தில் நிறைய வேறுபாடு உண்டு. வாய்க்கால் பாயும் ஊரில் ஆற்றுக் குழாய்த் தண்ணீரை வைத்துத் தோய்க்கப் பழகியவர், ராதாபுரம் பக்கத்து உறவினர் வீட்டுக்குப் போய் அங்கே கிணற்றுத் தண்ணீரில் அதே அளவில் தோய்த்தால், நிறம் மங்கி, துணி தொடுவதற்கு மாவு பூசினாற்போல இருக்கலாம். தண்ணீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சோடாவோடு சேர்ந்து வெண்படிவாகி நூலில் ஒட்டிக்கொள்வதே அதற்குக் காரணம். அந்தப் படிவு சாயத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், பிறகு ஒவ்வொரு துவைப்பிலும் சிறிது சிறிதாக உதிரும்.

சோதனை எளிது. கண்ணாடித் தம்ளரில் சூடான தண்ணீர் எடுத்து அரைக் கரண்டி சோடா ஆஷைக் கரைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். தெளிவாக இருந்தால் தண்ணீர் நல்லது. கலங்கினால் அந்தத் தண்ணீரில் சாயம் கரைக்கக் கூடாது. ‘ஹெக்ஸாமெட்டா’ என்று சாயக் கடைகளில் சொன்னால் கொடுக்கும் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட்டை லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் முதலிலேயே கலந்தால் கடினம் பெருமளவு அடங்கும். அதைவிட எளிய வழி, ஐப்பசி கார்த்திகை மழையில் தட்டட்டியிலிருந்து வரும் தண்ணீரை, முதல் மழையை ஓடவிட்டபின் பிடித்து வைப்பது. சாயம் கரைக்கவும் சோப்பில் கொதிக்கவைக்கவும் மட்டும் அந்தத் தண்ணீர் போதும். இடையில் அலசுவதற்கு எந்தத் தண்ணீரானாலும் பெரிய கேடில்லை.

தண்ணீர் நல்லதாக இருந்தும் கலங்கினால் உப்பைச் சோதியுங்கள். தூத்துக்குடி உப்பளத்திலிருந்து சாக்கில் வரும் கல்லுப்பு விலை மலிவு, எனக்கும் அதில் ஆசை வந்ததுண்டு. ஆனால் கடல்நீரிலிருந்து நேரே விளையும் கழுவாத உப்பில் மக்னீசியமும் கால்சியமும் கலந்திருக்கும். லிட்டருக்கு 50 கிராம் போடும் இடத்தில் அந்தக் கலப்பும் சேர்ந்து நல்ல தண்ணீரையே கடின நீராக்கிவிடும். ஒரு முழு மாலை நேரம் தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தபின், உப்பு மட்டும் கரைத்த தம்ளரில் சோடா போட்டுப் பார்த்து, அது மோராக மாறியதைக் கண்டபோதுதான் எனக்கு விளங்கிற்று. சமையலுக்கு விற்கும் சுத்திகரித்த தூளுப்பு சாயத்துக்குப் போதுமானது.

அறிகுறி: துவைக்கத் துவைக்கச் சாயம் போகிறது

“அக்கா, நீங்க குடுத்த துண்டு எங்க வீட்டு வேட்டியெல்லாம் சிவப்பாக்கிட்டு” என்று ஒரு பெண் வந்து நின்றபோது, சாயம் பிடிக்கவில்லை என்றே நானும் நினைத்தேன். உண்மை வேறு. எவ்வளவு நன்றாகத் தோய்த்தாலும் சாயத்தில் ஒரு பகுதி, மேலே சொன்னபடி, தண்ணீரோடு பிணைந்து செத்துவிடும். அது நூலில் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும், அதை வெளியேற்றாதவரை மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே இங்கே செய்ய வேண்டியது சாயத்தைப் ‘பிடிக்கவைப்பது’ அல்ல, பிடிக்காததை விரட்டுவது.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். இந்தச் சாயத்தைப் பொறுத்தவரை அது நேர்எதிர். உப்பு இருக்கும்வரை செத்த சாயம் நூலைவிட்டு இறங்காது, ஊறிய தண்ணீர் தெளிவாகத் தெரிவதைப் பார்த்துச் சாயம் நின்றுவிட்டது என்று ஏமாந்துபோவோம். வினிகரும் அப்படியே, கம்பளிக்கும் பட்டுக்கும் உரிய ஆசிட் சாயத்துக்குத்தான் புளிப்பு உதவும், பருத்தியில் ரியாக்டிவ் சாயத்துக்கு அதனால் பயன் இல்லை.

முறை இதுதான். முதலில் பச்சைத் தண்ணீரில், மூன்று நான்கு முறை, தாராளமாக அலசி உப்பையும் சோடாவையும் வெளியேற்ற வேண்டும். இந்த அலசலைக் குறைத்துக்கொண்டு நேரே வெந்நீருக்குப் போகிறவர்கள்தான் பிறகு அதிகம் அவதிப்படுகிறார்கள். அடுத்து, கடினமில்லாத தண்ணீரைக் கொதிநிலைக்கு அருகே சூடாக்கி, சிறிது சோப்புத் திரவத்தோடு துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்க வேண்டும். கைபொறுக்கும் சூடு போதாது. அந்தத் தண்ணீரைக் கொட்டி இன்னொரு முறை. கறுப்பு, அரக்கு, கருநீலம் ஆகியவற்றுக்கு மூன்றாம் முறையும் தேவைப்படும். முடிந்ததா என்று அறிய, ஈரத்துணியை ஒரு வெள்ளைத் துணியின் நடுவே வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் கறை இறங்காவிட்டால் வேலை முடிந்தது. அந்தப் பெண்ணின் துண்டையும் இப்படி இரண்டு முறை கொதிக்கவைத்த பிறகு கசிவு நின்றது; நிறமும் குறையவில்லை.

எத்தனை கொதிப்புக்கும் கசிவு நிற்கவில்லை என்றால் சோடா குறைந்திருக்கிறது அல்லது செத்த சாயம் கொண்டு தோய்த்திருக்கிறோம். கடைகளில் விற்கும் ‘டை ஃபிக்ஸர்’ திரவம் கசிவைத் தடுக்கும்தான், நிறத்தைச் சற்றே மாற்றவும் செய்யும். அது கடைசி மருந்து. முதலிலேயே போடுவதை நான் ஏற்பதில்லை.

அறிகுறி: புள்ளிகள்

அடர்ந்த சிறு புள்ளிகள் என்றால் கரையாத சாயத்தூள். முதலில் சிறிது வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து விழுதாக்கி, பிறகு நீர்க்கச் செய்து, மெல்லிய துணியில் வடிகட்டினால் இது வராது. ஆனி, ஆடிக் காற்றில் மட்டும் வரும் புள்ளிக்குக் காரணம் வேறு: திறந்த இடத்தில் தூளை அளக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் பறந்து, கொடியில் தொங்கும் ஈரத் துணியில் உட்கார்ந்துவிடும். குற்றாலச் சாரல் காலத்தில் இங்கே வீசும் காற்றில் நான் தூளைத் திறப்பதே இல்லை. அந்தத் தூள் மூச்சில் போனால் சிலருக்கு ஒவ்வாமையும் இளைப்பும் வரும் என்பதால் எந்தக் காலத்திலும் முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும்.

அறிகுறி: நினைத்த நிறம் ஒன்று, வந்த நிறம் ஒன்று

ஈரத்தில் எந்த நிறமும் அடர்த்தியாகவே தெரியும். காய்ந்தபின் ஒரு படி இறங்கும். இதை முதலில் கழித்துவிட்டே பேச வேண்டும். அதற்கு மேலும் மாறியிருந்தால் கலவையைப் பாருங்கள். கடையில் விற்கும் ஊதா, பச்சை, பழுப்பு, கறுப்பு பலவும் இரண்டு மூன்று சாயங்களின் கலவை, ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் ஏறுபவை. ஊதாவில் சிவப்பு முந்திக்கொண்டு நீலம் பின்தங்குவதால் ஓரமெல்லாம் ரோஸ் நிறமாகத் தெரிவது இதனால்தான். மயில்நீலம் எனப்படும் டர்க்காய்ஸ் மற்றவற்றைவிட மெதுவானது, சற்றுக் கூடுதல் சூட்டையும் நேரத்தையும் கேட்கும். மார்கழிக் காலையில் தோய்த்த கிளிப்பச்சை மஞ்சளாக நின்றுவிட்டால் மயில்நீலம் ஏறி முடியுமுன் எடுத்துவிட்டோம் என்று பொருள்.

கறுப்பு வரவில்லை, சாம்பல்தான் வருகிறது என்பவர்கள் சாயத்தை நடுத்தர அளவிலேயே போட்டிருப்பார்கள். கறுப்புக்கு 100 கிராம் நூலுக்கு 6 முதல் 8 கிராம் வேண்டும், உப்பையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும்.

அறிகுறி: இயற்கைச் சாயம் நிறம் மாறுகிறது, மங்குகிறது

இயற்கைச் சாயத்தில் மேலே சொன்ன கணக்குகள் பொருந்தா. மஞ்சளில் தோய்த்த துணி சவுக்காரம் பட்டதும் செங்காவியாக மாறினால் பதற வேண்டாம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே வேலைதான் இதுவும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் அலசினால் மஞ்சள் திரும்பும். ஆனால் வெயிலில் வெளுப்பதற்கு மருந்து இல்லை. மஞ்சளின் நிறப்பொருள் வெளிச்சத்துக்கு நிற்காது, படிகாரம் போட்டாலும் தாமதமாகுமே தவிர நிற்காது. மஞ்சள் நிறம் நிலைக்க வேண்டும் என்றால் மாதுளை ஓட்டையோ கடுக்காயையோ படிகாரத்தோடு பயன்படுத்துவது மேல்.

கடுக்காயில் ஊறவைத்த துணியில் சாம்பல் திட்டுகள் விழுகின்றன என்றால் இரும்பைத் தேடுங்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சந்தித்தால் கறுப்பு பிறக்கும்; முன்னாளில் மை செய்ததும் அப்படித்தான். ஆழ்குழாய்த் தண்ணீரில் கலந்த இரும்பு, துருப்பிடித்த வாளியின் அடி, கொடியாகக் கட்டிய இரும்புக் கம்பி, ஏதாவது ஒன்று தொட்டிருக்கும். வேண்டுமென்றே கறுப்பு வரவழைக்க விரும்புகிறவர்கள் பழைய ஆணிகளைக் கருப்பட்டித் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கடுக்காய்த் துணிமேல் பயன்படுத்தலாம். இரும்புத் தண்ணீர் அதிகமானால் நூல் நாளடைவில் இற்றுப்போகும் என்பதால் அளவாக இருக்க வேண்டும், முடிந்ததும் நன்றாக அலசிவிட வேண்டும்.

பருத்திக்குப் படிகாரம் மட்டும் போட்டுச் சாயம் ஏறவில்லை என்று கைவிடுவோர் நிறைய. கம்பளியும் பட்டும் படிகாரத்தைத் தாமே பிடித்துக்கொள்ளும்; பருத்தி அப்படிப் பிடிக்காது, அதற்கு முதலில் கடுக்காய் போன்ற துவர்ப்பு வேண்டும். முதல்நாள் கடுக்காய், காயவிட்டு மறுநாள் நூல் எடையில் நூற்றுக்கு 15 பங்கு படிகாரம், அதற்குப் பிறகே சாயம் என்ற வரிசையை மாற்றக் கூடாது.

சப்பங்கட்டை என்ற சாயமரத்தின் சிவப்பு பற்றி ஒரு சொல். பத்தமடைப் பாயின் கோரைக்குச் சிவப்பேற்ற அதைப் பயன்படுத்திய வழக்கம் உண்டு. புளிப்புப் பட்டால் அது ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் சாயும், காரம் பட்டால் நீலம் கலந்த சிவப்பாகும். தண்ணீர் மாறினாலே நிறம் மாறுவது இதனால்தான். வெளிச்சத்துக்கு இதுவும் வலுவற்றது. சன்னல் திரைக்கு இதைத் தோய்க்க வேண்டாம். எந்த இயற்கை நிறத்துக்கும் முன்சோதனையாக, தோய்த்த துண்டின் பாதியை அட்டையால் மூடி இரண்டு வாரம் வெயிலில் வைத்துப் பாருங்கள்.

அறிகுறி: அவுரி நீலம் கையில் ஒட்டுகிறது, அல்லது ஏறவே இல்லை

அவுரியின் நீலம் தண்ணீரில் கரையாது. ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் மஞ்சள் பச்சையாக மாறிய நிலையில்தான் கரைந்து நூலுக்குள் புகும், காற்றுப் பட்டதும் உள்ளேயே மீண்டும் நீலமாகிச் சிக்கிக்கொள்ளும். ஆகவே தொட்டியின் நிறமே அதன் உடல்நிலை. மேலே செம்பு மினுங்கும் ஆடையும் உள்ளே மஞ்சள் பச்சைத் தண்ணீரும் இருந்தால் தோய்க்கலாம். உள்ளேயும் நீலமாக இருந்தால் இன்னும் பக்குவம் ஆகவில்லை. அப்போது முக்கினால் நீலத்தூள் மேலே பூசிக்கொண்டு, காய்ந்ததும் கையில் வரும். ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்பைட்) வைத்துச் செய்பவர்கள் அதைச் சிறிது சேர்த்து, கலக்காமல் அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். தகரை விதையும் சுண்ணாம்பும் வைத்துப் புளிக்கவைப்பவர்கள் சூட்டைப் பார்க்க வேண்டும், மழைநாளில் தொட்டி தூங்கிவிடும்.

பக்குவமான தொட்டியிலும் நீலம் ஒட்டுகிறதென்றால், ஒரே முக்கில் அடர்நீலம் எடுக்க ஆசைப்பட்டிருப்போம். சில நிமிட முக்கு, பதினைந்து நிமிடக் காற்று, மறுபடி முக்கு என்று ஆறேழு முறை போனால் உள்ளே ஏறும். நூலை எடுக்கும்போது தண்ணீர் தொட்டியில் சொட்டினால் ஒவ்வொரு சொட்டும் காற்றை உள்ளே கொண்டுபோகும். தண்ணீர்மட்டத்துக்கு அடியிலேயே பிழிந்து மெதுவாக எடுங்கள்.

அறிகுறி: கம்பளி சுருங்கி மொத்தையாகிவிட்டது

இதைத் திருப்ப முடியாது. சூட்டில் கிளறியதாலோ, கொதிநீரிலிருந்து எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டதாலோ இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. அடுத்த முறை சிட்ரிக் அமிலம் சேர்த்த தண்ணீரில் மெதுவாகச் சூடேற்றி, கொதிக்கும் முன்பே தணலைக் குறைத்து, கிளறாமல், அதே தண்ணீரிலேயே இரவு முழுதும் ஆறவிடுங்கள். பட்டுக்கும் இதுவே, ஆனால் 85 டிகிரிக்கு மேல் போனால் மினுக்கம் போய்விடும்.

அறிகுறி: கட்டுச் சாயத்தில் கட்டிய இடம் வெள்ளையாக நிற்கவில்லை

முடிச்சு தளர்ந்திருந்தால் சாயம் உள்ளே கசிந்திருக்கும். முடிச்சு இறுக்கமாக இருந்தும் வெள்ளை அழுக்காகத் தெரிந்தால், அவிழ்த்தபின் அலசியிருக்கிறோம். கட்டு அப்படியே இருக்கும்போது ஓடும் குழாயில் தண்ணீர் தெளியும்வரை அலசி, பிறகு அவிழ்த்து, உடனே வெந்நீர்ச் சோப்புக்குக் கொண்டுபோக வேண்டும். அவிழ்த்த துணியை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போகக் கூடாது. திரும்பி வருவதற்குள் வெள்ளையெல்லாம் நிறம் வாங்கியிருக்கும்.

அறிகுறி: காயும்போது அடிப்பக்கம் மட்டும் கறுத்துவிட்டது

அலசல் போதாத துணியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் தண்ணீரோடு செத்த சாயமும் கீழே இறங்கி ஓரத்தில் சேரும். நன்றாகப் பிழிந்து, நிழலில், மூங்கில் கழியில் விரித்துக் காயப்போட்டு, கழி நூலை மணிக்கு ஒரு முறை சுற்றித் திருப்பிவிடுங்கள். கறுத்த ஓரத்தை மறுபடி கொதிசோப்பில் போட்டால் பெரும்பாலும் போய்விடும். மீந்த சாயத் தண்ணீரில் உப்பும் சோடாவும் இருப்பதால் அதை வாய்க்காலிலோ தென்னைமூட்டிலோ ஊற்றாமல், நிறைய தண்ணீர் கலந்து வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் விட வேண்டும்.